வாயும் தாடையும் அடிபட்ட கடல் மீன்கள்: உங்கள் தொட்டியில் கண்டதை எழுதுங்கள்

மணற்புதையல்:

மெலனூரஸ் ராஸ் என்னும் கடல் மீன் ஒன்றைப் பற்றியது இது. மீன் வந்த பையைத் திறக்கும்போதே அதன் கீழுதடு வெளுத்திருந்தது. அச்சம் வந்தால் இந்த மீன் தலைகுப்புற மணலுக்குள் பாயும் என்பது இங்குள்ளவர்கள் அறிந்ததே. பையில் மணல் ஏது? வழி நெடுகப் பிளாஸ்டிக்கையே முட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். புது மீனையும் நோயுற்ற மீனையும் பிரித்து வைக்கும் தனித்தொட்டியில் நுண்மணல் நிரப்பிய கிண்ணம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். விட்ட கணத்திலேயே அதற்குள் புதைந்துவிட்டது.

மறுநாள் முற்பகலில் வெளியே வந்தபோதுதான் காயம் முழுவதும் தெரிந்தது. உதட்டுத் தோல் பின்னோக்கி உரிந்திருந்தது. கீழ்த்தாடையின் நுனி எலும்பு ஓர் அரிசிக் குருணை அளவுக்கு வெளியே நின்றது. முன்பற்களுள் ஒன்றைக் காணவில்லை. ஆயினும் என் நினைவில் தங்கியது காயமன்று; அது இரை தேடிய விதம். மைசிஸ் என்னும் இறால் போன்ற சிற்றுயிர் ஒன்றைக் குறிபார்த்தது, பாய்ந்தது, வாயைத் திறந்தது; இரை இருந்த இடத்திலேயே இருந்தது. தாடை சரியாக மூடாததால் உறிஞ்சும் விசையே உண்டாகவில்லை. பசி குறையாத மீன் ஒன்று கண்ணெதிரே மிதக்கும் உணவை உட்கொள்ள முடியாமல் மீண்டும் மீண்டும் முட்டிக்கொண்டிருந்தது. பின்னர் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலைப் பக்கவாட்டில் கவ்வப் பழகிக்கொண்டது.

தாடை எலும்பு வெளித்தெரிந்த மீனை வளர்த்தவர் எவரேனும் இருந்தால் கூறுங்கள்: அந்த எலும்பின் மேல் மீண்டும் தோல் மூடுமா?

உளுவைப் பிரியர்:

எலும்பு வெளித்தெரிந்ததைக் கண்டதில்லை. என்னிடம் இருந்தது மணலைச் சலித்துத் தின்னும் வைர உளுவை. நாள் முழுவதும் வாய் நிறைய மணலை அள்ளிச் செவுள் வழியே உதிர்த்துக்கொண்டிருக்கும் மீன், ஒரு மாலையில் முன் கண்ணாடியை ஒட்டி வாயைப் பிளந்தபடி அசையாமல் நின்றது. செவுள்மூடி மட்டும் வெகுவேகமாகத் துடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உடைந்த சிப்பித் துண்டு ஒன்று உதடுகளுக்குச் சற்று உள்ளே குறுக்காகச் செருகிக்கொண்டிருந்தது; அதன் மேலிருந்த வரிகளைக்கூட எண்ணிவிடலாம்.

மீன் வாயை மூடித் திறந்துதான் செவுளுக்குள் நீரைத் தள்ளுகிறது. மூடவே முடியாத வாய் என்றால் பட்டினிக்கு முன்பே மூச்சு போய்விடும். தொட்டி நீர் நிறைந்த தட்டு ஒன்றில், நனைந்த மெல்லிய வலைத்துணியால் மீனை அணைத்துப் பிடித்து, பிளாஸ்டிக் இடுக்கியால் துண்டை வெளியே இழுக்காமல் முதலில் உட்புறமாகச் சற்றுத் தள்ளி, நீளவாக்கில் திருப்பி எடுத்தேன். வாய் உடனே மூடவில்லை. சிறிது நேரம் பாதி திறந்தே இருந்தது. அந்த நேரம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது. தாடை கழன்றுவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். பிறகு ஒருமுறை பெரிதாகக் கொட்டாவி விட்டது, மூடிக்கொண்டது. மறுநாள் வழக்கம்போல் மணலை அள்ளத் தொடங்கியது.

பவளத்திட்டு:

மேலே எழுதிய நண்பரின் துணிவைப் பாராட்டுகிறேன். ஆனால் இதைப் படிக்கும் புதியவர்கள் அனைவரும் இடுக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

என் அனுபவம் சிறியது. காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றின் மூக்கு நுனியில் வெள்ளைத் திரள் ஒன்று கண்டேன். காயத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று சொல்லி அதைச் சுரண்டி மருந்து தடவச் சொன்னவர்கள் உண்டு. உற்றுப் பார்த்தால் அது காலிஃபிளவர் போன்று திரண்டிருந்தது: லிம்போசிஸ்டிஸ். அது வைரசால் வருவது, மருந்து கிடையாது, பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். உதிர்ந்தும்விட்டது. சுரண்டியிருந்தால் இல்லாத காயத்தை நாமே உண்டாக்கியிருப்போம்.

ஆகவே வாயில் தெரிவதெல்லாம் காயம் என்று எண்ண வேண்டாம். உதட்டில் நுண்ணிய வெண்மயிர்கள் குத்தி நின்றால், அந்த மீன் முள்புழுவைக் கடித்திருக்கிறது. சுறா வகைகளில் தொண்டைக்குக் கீழே வீக்கம் இருந்தால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். அயோடின் குறைவும் நைட்ரேட் மிகுதியும் அதற்குக் காரணமாகும். தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீன்களுள் சில, குஞ்சுப் பருவத்து உணவுக் குறையால் குட்டைத் தாடையுடனேயே வளர்கின்றன. அவற்றுக்கு அடிபடவே இல்லை.

உண்மையான காயமானால் அஞ்ச வேண்டியது இரண்டு. முதலாவது, நீரிழப்பு. கடல்நீரின் உப்புச்செறிவு மீனின் உடல்நீரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. தோல் கிழிந்த இடத்தில் உடல்நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். பவளமும் இறாலும் இல்லாத தனித்தொட்டியில் நீரின் அடர்த்தியை (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025-லிருந்து 1.019 அளவுக்குப் படிப்படியாகக் குறைத்தால் அந்தச் சுமை தணியும். இரண்டாவது, பாக்டீரியா. டெனாசிபாகுலம் மாரிட்டிமம் என்னும் பாக்டீரியா கடல் மீன்களின் வாயை அரிப்பதற்குப் பேர்போனது; கடலுக்கு மாற்றப்பட்ட வளர்ப்புச் சால்மன் குஞ்சுகளுக்கு வரும் மஞ்சள்வாய் நோய்க்கும் அதுவே காரணம். உதட்டோரம் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ மாறி, நாளுக்கு நாள் பரவினால் மட்டுமே ஆன்டிபயாடிக் தேவை. அதுவும் தனித்தொட்டியில்தான், ஏனெனில் அம்மருந்துகளுள் பல வடிப்பானில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் கொன்று அம்மோனியாவை உயர்த்திவிடும். காப்பர் மருந்தைக் காயத்துக்கு ஊற்றுவோர் இன்னமும் இருக்கிறார்கள். அது ஒட்டுண்ணிக்கான மருந்து. காயத்துக்கு அதனால் எப்பயனும் இல்லை.

ராஸ் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு சொல்: ராஸ் மீன்களுக்குத் தொண்டைக்குள் மற்றொரு தாடை உண்டு. இரையை நொறுக்குவது அதுதான். முன்பல் போனதற்காகக் கலங்க வேண்டாம். சிறிதாக நறுக்கிய உணவு உள்ளே சென்றுவிட்டால் மற்றதைத் தொண்டை பார்த்துக்கொள்ளும்.

உளுவைப் பிரியர்:

பவளத்திட்டு ஐயா, தாங்கள் எழுதியதில் பெரும்பகுதி சரியே. ஆனால் நான் எடுத்தது வெள்ளைத் திரளையன்று, சிப்பியை. மூச்சுவிடத் தவிக்கும் மீனைப் பார்த்துக்கொண்டு அடர்த்தியைப் படிப்படியாகக் குறைத்திருக்க இயலாது. எதைத் தொடக் கூடாது என்று கூறுவது எளிது. எப்போது தொட வேண்டும் என்பதையும் கூறியிருந்தால் புதியவர்களுக்கு இன்னும் பயன்பட்டிருக்கும்.

நீலத்தோகை:

முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு இதுவரை எவரும் விடை தரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பவுடர் புளூ டேங் என்னும், பாசி தின்னும் மீனை வளர்க்கிறேன். ஓரிரவு மின்சாரம் சட்டென நின்று விளக்கு அணைந்தது. அடுத்த அறையில் இருந்த எனக்கே கண்ணாடியில் மோதிய ஒலி கேட்டது. காலையில் பார்த்தால் மேலுதடு பிளந்து, எலும்பின் விளிம்பு வெளியே தெரிந்தது. தோல் அதன் மேல் வளர்ந்து மூடவில்லை என்பதே என் விடை. வெளியே நின்ற எலும்பு நாளடைவில் மங்கலான பழுப்பாகிச் செத்து, ஒருநாள் காணாமற்போனது. அதற்குப் பின்னால் இருந்த இடத்தில்தான் தோல் கூடியது. வாய் சற்றுக் குட்டையானது, அவ்வளவே. காயம் பரவாமலும் மீன் மெலியாமலும் இருந்ததால் நான் மருந்து எதுவும் இடவில்லை.

உணவுதான் பெரும்பாடாக இருந்தது. கிளிப்பில் மாட்டிய நோரியை (உலர்ந்த கடற்பாசித் தாள்) அதனால் கிழிக்க முடியவில்லை. ஊறவைத்து, நைத்து, நீரோட்டத்தில் விட்டபோது துணுக்குகளை உறிஞ்சிக்கொண்டது. இப்போது கிழித்தே தின்கிறது. ஆனால் எப்போதும் இடப்புறமாக மட்டும்.

கடற்குதிரை வளர்ப்பவர்:

டேங் பிழைக்கும், அதற்கு மாற்றுவழி உண்டு. கடற்குதிரைக்கு இல்லை. பல் இல்லை, இரைப்பை இல்லை, குழல் போன்ற மூக்கின் நுனியில் சின்னஞ்சிறு வாய், அவ்வளவுதான். இரையை அது உறிஞ்சும்போது டக் என்று ஓர் ஒலி எழும். வளர்ப்பவர்கள் அதைக் கேட்டே உணவு இறங்கியதை அறிவோம்.

என் பெண் கடற்குதிரையின் மூக்கு நுனி ஏதோ ஓர் இடுக்கில் உரசி வெளுத்தது. அன்று மாலை மைசிஸ் அருகே வந்தது, தலையைச் சாய்த்தது, சொடுக்கியது. தலை அசைந்தது, ஒலி மட்டும் வரவில்லை. இரண்டொரு நாளில் மூக்கு நுனி கரையத் தொடங்கியது. தனித்தொட்டி, ஆன்டிபயாடிக், விப்ரியோ என்னும் பாக்டீரியா பெருகாதிருக்கக் குளிர்ந்த நீர், குழாய்வழி உணவு ஆகிய அனைத்தும் செய்தோம். பிழைக்கவில்லை. மெல்ல மெல்லப் பார்க்கலாம் என்று எழுதுவோர் எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

நான்குபல்லன்:

என்னுடையது பேத்தை (பஃபர் மீன்). பேத்தைக்கு வாயில் அடிபட்டால் பல்லைப் பற்றிக் கவலைப்படுவோர் உண்டு. உண்மையில் அதன் பல் உடைந்தாலும் வளரும், உடையாவிட்டாலும் வளரும். அந்த வளர்ச்சியே சிக்கல். நாலு பல் தகடுகளும் அலகு போல நீண்டு, மேலும் கீழும் ஒன்றையொன்று தாண்டிவிட்டால் வாய் திறந்தும் உணவு நுழையாது. முள்பேத்தைக்கு இரண்டே தகடுகள். அங்கும் கதை இதுவே.

மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர்தான் வெட்டினார். கிராம்பு எண்ணெயை அளவாகக் கலந்த தொட்டி நீரில் மீன் மெல்லச் சாய்ந்தது. அவர் வாயைப் பார்க்கவே இல்லை, செவுள்மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அசைவு சீராகத் தளர்ந்த பிறகே கத்தரியை எடுத்தார். நுனி துண்டாகித் தட்டின் விளிம்பில் தெறித்தது. பொருத்தமில்லாத கத்தரியால் வெட்டினால் தகடு வேர்வரை பிளந்துவிடும், அதுதான் நிஜமான தாடைக் காயம் என்று அவர் சொன்னது இன்றும் மனத்தில் நிற்கிறது. அதற்கு மேல் என்னிடம் கதை இல்லை.

மேலே நடந்த விவாதத்தைப் பற்றி: தொடுவதா விடுவதா என்பதை மீனின் செவுளே சொல்லிவிடும். துடிப்பு மிகுந்து, வாய் மூடாமல் இருந்தால் தொட வேண்டும். துடிப்பு இயல்பாக இருந்தால் பொறுக்கலாம். பேத்தை வைத்திருப்பவர்கள் கத்தரி வரை போகாமல் இருக்க, ஓட்டுடன் கூடிய சிப்பி, நத்தை, நண்டுக்கால் ஆகியவற்றை இளமையிலிருந்தே தவறாமல் கொடுத்து வாருங்கள். மென்மையான இறால் சதையை மட்டும் போட்டு வளர்ப்பவர்களின் மீன்களுக்கே பெரும்பாலும் இந்த நிலை வருகிறது. உறைந்த சிப்பியானால் ஓட்டைத் திறக்காமலே போடுங்கள். திறந்து கொடுத்தால் சதையை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும்.