ஹால் சுவருக்கு ஒரு அரூப ஓவியப் பிரிண்ட்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சோபாவுக்குப் பின்னால் ஏழடிச் சுவர் ஒன்று காலியாக இருக்கிறது. இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதி வெறும் பென்சிலும் மையும் வைத்துப் போட்ட கோடுகள் மாதிரி, மெல்லிய நாலு கோடு, மிச்சமெல்லாம் வெற்றிடம், அவ்வளவு இருந்தால் போதும், பார்த்தாலே மனசு அடங்கிவிடும்.

போன வருடம் ஆன்லைனில் கறுப்பு வட்டம் போட்ட பிரிண்ட் ஒன்று வாங்கினேன். மேற்கு ஜன்னல், சாயங்கால வெயில் நேராக விழுகிறது. எட்டே மாதத்தில் அந்த வட்டம் பழுப்பாகி, தாளின் ஓரம் அலையலையாக நெளிந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ரொம்ப வருத்தமாகிவிட்டது. பருத்தித் தாளில் பிக்மென்ட் மையில் (நிறமித் துகள் கலந்த மை) அச்சடித்தால் சீக்கிரம் வெளுக்காது, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அமிலமில்லாத மவுன்ட் அட்டை வைத்தால் கண்ணாடியில் ஒட்டாது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

சென்னையில் இப்படி அச்சடித்து ஃபிரேமும் போட்டுத் தருபவர்கள் யார்? அந்தச் சுவருக்கு 3 அடிக்கு 2 அடியில் ஒன்று போதுமா, சின்னதாக மூன்று மாட்டலாமா? 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஓவியர்களிடமே நேரடியாக, கையெழுத்துப் போட்ட பிரிண்ட் வாங்கியவர்கள் இருந்தால் விலை எப்படி என்று சொல்லுங்கள், வரைந்தவர் கைக்கே பணம் போனால் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஃபிரேமோடு சேர்த்து 8,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும்.