டிராயிங் எல்லாம் டி டிரைவிலா, நெட்வொர்க்கிலா? டூல்ரூம் பஞ்சாயத்து

சிப்காட்_டிசைனர்:
ஓசூர் சிப்காட்டில் பிரஸ் டூல், ஃபிக்ஸர் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. டிசைனில் அஞ்சு பேர். இதுவரை அவங்கவங்க ஜாப் ஃபோல்டர் அவங்கவங்க டி டிரைவில் இருந்துச்சு. இப்போ முதலாளி ஒரு நாஸ் பெட்டி (எல்லா சிஸ்டமும் நெட்வொர்க் வழியா பொதுவா பயன்படுத்தற டிஸ்க், எங்க சிஸ்டத்துல இசட் டிரைவ்னு தெரியும்) வாங்கி வெச்சுட்டு, "இனிமே எல்லாம் இசட் டிரைவ்லதான், டி-ல ஒரு ஃபைல் இருக்கக் கூடாது"ன்னுட்டார். சாலிட்வொர்க்ஸ்ல (3டி டிசைன் சாஃப்ட்வேர்) நானூறு பார்ட் சேர்ந்த அசெம்ப்ளியை இசட்ல திறக்கக் கொடுத்துட்டு கேன்டீன் போய் டீ குடிச்சுட்டே வந்துடலாம். டி-ல இருந்தா அந்தத் தொல்லை இல்ல. அவர்கிட்ட எப்படி எடுத்துச் சொல்றது?

கிருஷ்ணகிரி_சர்வீஸ்:
முதலாளி பக்கம்தான் நியாயம் தம்பி. இந்தச் சுத்துவட்டாரத்துல ஆபீஸ் சிஸ்டம் பார்க்கறதுதான் என் பொழப்பு. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதான் ஃபைனல்"னு மூணு ஃபைல் மூணு சிஸ்டத்துல கிடக்கும். வயர்கட் (கம்பியில மின்பொறி விட்டு ஸ்டீலை வெட்டற மிஷின்) ஆபரேட்டர் பென்டிரைவை நீட்டுவார். அந்த நேரம் சீட்ல யார் இருக்காங்களோ அவங்ககிட்ட இருக்கறது மிஷினுக்குப் போகும். ஹார்டன் பண்ணின டி2 ஸ்டீல் பிளாக்ல பழைய அளவை வெட்டிட்டா அதை என்ன பண்ணுவீங்க? எடைக்குத்தான் போடணும். டிசைனர் லீவுல ஊருக்குப் போயிட்டா பாஸ்வேர்டு கேட்டு போன் மேல போன்.

தர்மபுரி_ஸ்டுடியோ:
சர்வீஸ் அண்ணா, எல்லா வேலையும் டாலி எண்ட்ரி மாதிரி இல்லீங்க. நாங்க கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க. மூணு கேமரா 4கே ஃபுட்டேஜை நெட்வொர்க்ல வெச்சு கட் பண்ணினா டைம்லைன் திக்கித் திக்கி ஓடும். கார்டுல இருந்து நேரா எஸ்எஸ்டி, எடிட்டும் அங்கேயே. ஆல்பமும் வீடியோவும் கைக்குப் போன பிறகுதான் வெளி டிஸ்க். தம்பி சொல்றது சரி, லோக்கல்தான்.

கிருஷ்ணகிரி_சர்வீஸ்:
கணக்கு போட்டுப் பார்த்தீங்களா? 100 மெகாபிட்ல ஷூட் பண்ணின 4கே ஒரு செகண்டுக்கு 12.5 மெகாபைட்தான். மூணு கேமரா சேர்ந்தாலும் 37.5. ஒழுங்கான கிகாபிட் லைன் 110 மெகாபைட் வரைக்கும் இழுக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல எடிட் பண்ணினாலும் தாங்கும். மீடியா கேஷை (எடிட்டிங் சாஃப்ட்வேர் தற்காலிகமா எழுதி வைக்கற ஃபைல்களை) மட்டும் எஸ்எஸ்டியில விட்டுடுங்க. திக்குதுன்னா முதல்ல ஒயரைப் பாருங்க. சிப்காட் தம்பி, நீங்களும் ஈதர்நெட் ஸ்டேட்டஸ்ல ஸ்பீடு என்ன காட்டுதுன்னு பார்த்துச் சொல்லுங்க.

சிப்காட்_டிசைனர்:
பார்த்தேன் அண்ணா. ரெண்டு சிஸ்டத்துல 1 கிகாபிட். என்னோடதையும் சேர்த்து மூணுல 100 மெகாபிட்தான்.

கிருஷ்ணகிரி_சர்வீஸ்:
அதான் பாருங்க. கேபிள்ல எட்டு கம்பி. 100 மெகாபிட்டுக்கு நாலு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். கிரிம்பிங்ல (கேபிள் முனையில பிளக்கை அழுத்திப் பொருத்தறது) மீதி நாலுல ஒரு கம்பி சரியா உட்காரலைன்னா அது சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும், எர்ரர் எதுவும் காட்டாது. 12.5 மெகாபைட்ல அசெம்ப்ளி திறந்தா டீ என்ன, டிபனே சாப்பிட்டுட்டு வரலாம். அந்த ஆர்ஜே45 பிளக் கொனையை வெட்டிட்டு மறுபடி கிரிம்ப் பண்ணுங்க. அப்பவும் ஏறலைன்னா சுவிட்சே பழசா இருக்கும், அதை மாத்துங்க.

பாகலூர்_ரோடு:
சர்வீஸ் சார் ஒயரோடு நிறுத்திவிட்டார். ஒரு பெரிய ஃபைலை இழுப்பது வேறு, நானூறு சின்ன ஃபைலை இழுப்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் திற, அனுமதி கேள், படி, மூடு என்று நாஸுக்கும் சிஸ்டத்துக்கும் இடையே பல தடவை போய்வர வேண்டும். கிகாபிட் போட்டாலும் அந்தக் காத்திருப்பு முழுசாகப் போகாது. சாலிட்வொர்க்ஸின் பிடிஎம் (டிசைன் ஃபைல்களை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்), ஃபைலை அவரவர் சிஸ்டத்தின் லோக்கல் கேஷில் எடுத்து வைத்துத்தான் வேலை செய்ய விடுகிறது. கட்டட டிசைனுக்கான ரெவிட்டிலும் சென்ட்ரல் ஃபைல் சர்வரில் இருக்கும், ஆளுக்கொரு லோக்கல் காப்பியில்தான் வரைவார்கள். அந்த சாஃப்ட்வேரைச் செய்தவர்கள் காரணம் இல்லாமலா இப்படி வைத்தார்கள்?

இன்னொன்று, யாரும் பேசாதது. உங்கள் நெட்வொர்க் சுவிட்ச் எந்த பிளக்கில் இருக்கிறது? நான் பார்த்த பல யூனிட்டில் சிஸ்டத்துக்கெல்லாம் யுபிஎஸ் உண்டு, சுவிட்ச் மட்டும் சுவர் பிளக்கில் இருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் மானிட்டர் அணையாது, ஆனால் இசட் டிரைவ் காணாமல் போய்விடும். அந்த நொடியில் சேவ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஃபைல் போச்சு.

தர்மபுரி_ஸ்டுடியோ:
சூப்பர் சார். இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க. 2017 மே மாசம் வந்த வான்னாக்ரை ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேட்கற புரோகிராம்) ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு நெட்வொர்க் வழியாத்தானே பரவுச்சு? ரான்சம்வேர்ல ஒருத்தர் மாட்டினா, மேப் பண்ணின இசட் டிரைவும் சேர்ந்து பூட்டிக்கும். மொத்த கம்பெனியும் ஒரே பெட்டியில.

கிருஷ்ணகிரி_சர்வீஸ்:
டி டிரைவை மட்டும் விட்டுவைக்குமா என்ன? நாஸ்ல ஸ்னாப்ஷாட் (அப்பப்போ ஃபைல்களோட நிலையைப் பதிஞ்சு வைக்கறது) போட்டிருந்தா முந்தின நாள் நிலைக்குத் திருப்பிடலாம். உங்க எஸ்எஸ்டியில அது இருக்கா? ஆனா ஒண்ணு, நாஸ்ல ரெண்டு டிஸ்க் ரெய்டு 1-ல (ரெண்டுலயும் ஒரே டேட்டா) ஓடுது, அதனால பேக்கப் இருக்குன்னு நினைச்சுடாதீங்க. நீங்க ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணினா ரெண்டுலயும் அப்பவே போயிடும். தனியா ஒரு வெளி டிஸ்க் வேணும், வேலை முடிஞ்சதும் கழட்டி வேற இடத்துல வைக்கணும்.

பாகலூர்_ரோடு:
அப்படியென்றால் வழி இதுதான். மூல ஃபைல் நாஸில். காலையில் அன்றைய ஜாபை பேக் அண்ட் கோ (அசெம்ப்ளியை அதன் எல்லா ஃபைலோடும் சேர்த்துக் காப்பி எடுக்கும் வசதி) போட்டு டி-க்கு எடுங்கள், சாயங்காலம் திருப்பி ஏற்றுங்கள். ஷாப் ஃப்ளோருக்குத் தனியாக ஒரு ரிலீஸ் ஃபோல்டர். அதில் பிடிஎஃப்பும் வயர்கட்டுக்கான டிஎக்ஸ்எஃப் டிராயிங் ஃபைலும் மட்டும், ஆபரேட்டருக்குப் படிக்கும் உரிமை மட்டும்.

கிருஷ்ணகிரி_சர்வீஸ்:
ரிலீஸ் ஃபோல்டர் நல்ல யோசனை சார், அதுல சண்டையே இல்ல. ஆனா காலைல ரெண்டு பேர் ஒரே ஜாபை எடுத்துட்டுப் போனா? நாஸ்ல நேரா திறந்தா ரெண்டாவது ஆளுக்கு ரீட் ஒன்லின்னு வரும். டி-க்கு எடுத்துட்டா அந்தப் பூட்டு இல்ல. சாயங்காலம் கடைசியா ஏத்தறவர் முன்னாடி ஏத்தினவரோட வேலையை அழிச்சுட்டுப் போவார். யார் எடுத்திருக்காங்கன்னு பூட்டி வைக்கற அந்த செக்அவுட்டை பிடிஎம் பார்த்துக்கும். உங்க கையால பண்ற காப்பி பார்த்துக்காது. ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது யார் சார் உட்கார்ந்து ஏத்துவாங்க?

பாகலூர்_ரோடு:
ஒரு ஜாபுக்கு ஒரு டிசைனர் என்று போர்டில் எழுதிவைத்தால் அந்தச் சிக்கல் வராது. அஞ்சு பேர் யூனிட்டுக்கு பிடிஎம் செலவு எதற்கு? ஏற்றுவதை, விண்டோஸின் ரோபோகாப்பி என்ற காப்பி கட்டளையை நேரம் குறித்து ஓட்டும் டாஸ்க் பார்த்துக்கொள்ளும். அதில் மிர் (/MIR) என்ற ஆப்ஷனை மட்டும் போடாதீர்கள். டி-யில் ஃபோல்டர் காலியாக இருந்தால் நாஸிலும் துடைத்துவிடும்.

சிப்காட்_டிசைனர்:
கிரிம்பிங் டூல் எடுத்து என் கேபிளை மாத்திட்டேன், 1 கிகாபிட் காட்டுது. அதே அசெம்ப்ளி இப்போ எவ்வளவோ தேவலை, ஆனாலும் டி அளவுக்கு வரல. சுவிட்ச் சுவர் பிளக்லதான் இருக்கு, அதுக்கு யுபிஎஸ் கேட்டிருக்கேன். ரிலீஸ் ஃபோல்டருக்கு முதலாளி ஓகே சொல்லிட்டார். டி-ல காப்பி எடுக்கறதுக்குத்தான் இன்னும் இறங்கி வரல. போர்டு ஐடியாவைச் சொன்னேன், "அந்த போர்டுல யார் எழுதுவாங்க?"ன்னு கேட்கிறார்.

கிருஷ்ணகிரி_சர்வீஸ்:
நல்ல கேள்வி. பாகலூர் ரோடு சார் பதில் சொல்லட்டும்.