இடது புட்டத்திலிருந்து சுண்டுவிரல் வரை இழுக்கிற வலி: படுக்கணுமா, நடக்கணுமா?

கட்டபெட்டு_கொழுந்து:

அம்மாவுக்கு வயசு 49. நீலகிரியில் சொந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவங்க. மூணு வாரமா இடுப்பில் ஆரம்பிச்சு இடது புட்டம், தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் வரைக்கும் சுரீர்னு இழுக்குது. இருமினாலும் தும்மினாலும் கூடுது. பஸ்ஸில் உட்கார்ந்தா தாங்க முடியலை, மெல்ல நடந்தா கொஞ்சம் தேவலை. சுகர், பிரஷர் ரெண்டுக்கும் மாத்திரை எடுக்கறாங்க. ஊசியும் வலி மாத்திரையும் போட்டாச்சு, பெல்ட்டும் வாங்கியாச்சு. "ஜவ்வு விலகியிருக்கும், ஒரு மாசம் அசையாம படு"ன்னு ஒருத்தர், "உடனே ஸ்கேன் எடு"ன்னு இன்னொருத்தர். எது சரி? என்ன பயிற்சி செய்யலாம்? எப்போ திரும்பப் பறிக்கப் போகலாம்?

பிசியோ_குன்னூர்:

முதலில் இதைக் கேட்டுவிடுங்கள். சிறுநீர் வராமல் அடைப்பது, கட்டுப்பாடில்லாமல் போவது, மலம் போவது தெரியாமல் இருப்பது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் சேர்ந்து தளர்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே 108-ஐக் கூப்பிட்டு, எம்.ஆர்.ஐ.யும் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியில் உள்ள வால்நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி இது. விடியட்டும் என்று காத்திருந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். சாயந்தரக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்பில் காசநோய் போன்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சுகர் உள்ளவர்களிடம் இதை லேசாக விடக்கூடாது.

அவை எதுவும் இல்லையென்றால், நீங்கள் சொன்ன வலியின் பாதையே நிறையச் சொல்கிறது. வெளிப்பாதம், சுண்டுவிரல் வரை போனால் பெரும்பாலும் எஸ்1 என்கிற நரம்பு வேர்; எல்5, எஸ்1 என்ற கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க், அதாவது ஜவ்வு, அதை அழுத்தியிருக்கலாம். பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலும் என்றால் எல்5 நரம்பு வேர். வீட்டிலேயே ஒரு சோதனை: சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். வலது காலில் எத்தனை முறை, இடது காலில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். பிறகு குதிகாலில் மட்டும் நின்று பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முன்னது எஸ்1-இன் பலம், பின்னது எல்5-இன் பலம். வலி எவ்வளவு என்பதைவிட இந்த எண்ணிக்கைதான் எனக்கு முக்கியம்.

ஸ்கேன் அவசரமில்லை. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், 50 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. அறிக்கையைப் படித்துப் பயந்து படுத்துவிடுவதுதான் மிச்சம். கால் பலம் குறைந்துகொண்டே வந்தால், அல்லது ஆறு வாரம் கழித்தும் குறையாமல் ஊசி, அறுவை சிகிச்சை என்ற பேச்சு வந்தால் அப்போது எடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் நன்றாகவே குறைகிறது. வெளியே பிதுங்கிய ஜவ்வை உடம்பே கரைக்கிறது. பெரிதாகப் பிதுங்கியது சிறியதைவிட வேகமாகச் சுருங்குவதும் உண்டு.

ஒரு மாசப் படுக்கை வேண்டவே வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும்போது ஒன்றிரண்டு நாள், அதுவும் இடையிடையே எழுந்து நடந்து. அதற்கு மேல் படுத்தால் புட்டத் தசையும் முதுகுத் தசையும் தளரும், எழுந்ததும் வலி இன்னும் கூடும்.

பயிற்சிக்கு வருவோம். தரையில் ஜமுக்காளமும் கம்பளியும் விரித்துச் செய்ய வேண்டும். குழி விழுந்த மெத்தையில் செய்தால் பலனில்லை. குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருக்கட்டும். பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி இரண்டு நிமிடம். அது ஒத்துக்கொண்டால் உள்ளங்கையை ஊன்றி மேலுடம்பைத் தூக்கி இறக்குவது, பத்து முறை. இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது, புட்டத்தை இறுக்கக் கூடாது. பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம்.

இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வலி எந்தத் திசையில் நகர்கிறது? சுண்டுவிரலில் இருந்தது கெண்டைக்காலுக்கு ஏறி, பிறகு தொடை, புட்டம் என்று மேலே வந்தால் நல்லது. இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் தொடருங்கள். மாறாகக் காலில் கீழே இறங்கி, எழுந்த பிறகும் பாதத்தில் குத்தல் நின்றால் அந்தப் பயிற்சி இவருக்கு இல்லை, நிறுத்திவிடுங்கள். வீடியோ பார்த்துச் செய்கிற பலர் இதைக் கவனிக்காமல் "வலிச்சாத்தான் குணமாகும்" என்று தொடர்வதால்தான் கெடுகிறது.

இரண்டு நாள் கழித்து நரம்பை வழுக்கிவிடும் பயிற்சி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இடது முழங்காலை நீட்டும்போது தலையை மேலே பார்க்கத் தூக்கணும். மடக்கும்போது தலையைக் குனியணும். இழுவை தொடங்கும் இடத்தோடு நிறுத்தித் திரும்பணும். பத்து முறை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துப் பிடிப்பது, குனிந்து காலைத் தொடுவது, சூரிய நமஸ்காரம் எல்லாம் இப்போது வேண்டாம். எரிச்சலில் இருக்கும் நரம்பை இழுத்துப் பிடித்தால் அது இன்னும் வீங்கும்.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே விடாதீர்கள். இரவு முழுக்க டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் கூடும். நம் ஊரில் முற்றம் பெருக்குவது, அடுப்பு மூட்டுவது, குளிக்க வெந்நீர் வாளியைத் தூக்குவது எல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கிறது. நீளக் கைப்பிடித் துடைப்பம், ஸ்டூல் மேல் வாளி, அரை வாளித் தண்ணீர். படுக்கையிலிருந்து நேரே எழாமல், ஒருக்களித்துக் காலைக் கீழே விட்டுக் கையை ஊன்றி எழணும். தூங்கும்போது ஒருக்களித்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை.

பெல்ட் பஸ் பயணத்துக்கும் ஒன்றிரண்டு மணி நேர வேலைக்கும் மட்டும். பஸ்ஸில் பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார வேண்டாம், குலுக்கல் அங்கேதான் அதிகம். நடுவில் உட்கார்ந்து, சுருட்டிய துண்டை இடுப்பு வளைவில் வைக்கலாம்.

எடக்காடு_68:

நல்ல விளக்கம் சார். அப்பாவுக்கு 68 வயசு, ரெண்டு காலிலும் கெண்டை இழுக்குது. விசித்திரம் என்னன்னா மேடு ஏறிடறார், இறக்கத்தில்தான் நின்னு நின்னு வர்றார். அவரையும் குப்புறப் படுக்கச் சொல்லலாமா?

பிசியோ_குன்னூர்:

வேண்டாம், அது வேறு கணக்கு. இறங்கும்போது நாம் முதுகைப் பின்னால் சாய்த்துத்தான் இறங்குவோம். அப்போது தண்டுவடக் குழாய் குறுகும். ஏறும்போது முன்னால் சாய்வதால் குழாய் விரியும். வயதாகி அந்தக் குழாயே இறுகிப்போனவர்களுக்கு மேடு எளிது, இறக்கம் கஷ்டம். நின்றால் வலி, உட்கார்ந்தாலோ குனிந்தாலோ ஆறும். இவர்களுக்கு முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சி வலியைக் கூட்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சுக்குக் கட்டிக்கொள்வது, உட்கார்ந்து உட்கார்ந்து நடப்பது, கைத்தடி ஊன்றிச் சற்று முன்சாய்ந்து நடப்பதுதான் பொருந்தும்.

இதற்கு நேர்மாறாக, ஏறும்போது கெண்டை பிடித்து, உட்காராமல் வெறுமனே நின்றாலே இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டால் அது நரம்பே இல்லாமல் இருக்கலாம். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு அப்படித்தான் காட்டும். பீடி, சிகரெட், சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சமவெளியில் இதைக் கண்டுபிடிக்க டிரெட்மில்லைச் சாய்த்து நடக்கவிடுகிறார்கள். மலையில் இருக்கும் நமக்கு அந்தச் சரிவு வாசலிலேயே இருக்கிறது.

மேஸ்திரி_கோடநாடு:

பறிக்கப் போறதைப் பத்தி யாரும் சொல்லலையே. தம்பி, அம்மா சரிவில் எந்தப் பக்கம் நின்னு பறிக்கறாங்கன்னு பாருங்க. செடிக்குக் கீழ்ப்பக்கம் நின்னு மேட்டைப் பார்த்துப் பறிச்சா செடியின் தளம் இடுப்புக்கு மேல வரும், குனிய வேண்டியதில்லை. மேல நின்னு பள்ளத்தைப் பார்த்துப் பறிச்சா அதே செடி முட்டிக்குப் போயிடும். ஒரே நிரை, ஒரே செடிதான், ஆனா முதுகு படற பாடு வேற.

கவாத்து வெட்டி (செடியைக் குட்டையா வெட்டிவிட்டு) முதல் வருஷம் ஆன தேயிலைக் காட்டுக்கு அவங்க போகவே வேண்டாம், செடி குள்ளமா இருக்கும். மூணாவது நாலாவது வருஷக் காட்டுல வேலை பார்க்கட்டும். கொழுந்து வெட்டற கத்தரியை ரெண்டு மாசம் தொடக் கூடாது. கையை முன்னால நீட்டி, முன் சாஞ்ச நிலையிலேயே வெட்டணும், முதுகுக்கு ஓய்வே கிடையாது. கையால பறிக்கும்போதும் எட்டிப் பறிக்கறதுதான் கெடுதல். இடுப்பைத் திருப்பாம காலை எடுத்து வெச்சுத் திரும்பணும், செடிக்குள்ள நுழைஞ்சு நிக்கணும்.

பை நிறையற வரைக்கும் சுமக்காதீங்க. மழைக்கொழுந்து நனைஞ்சு கனம் ஏறிடும், பாதி நிறைஞ்சதும் சாக்குல கொட்டிடணும். சாக்கைத் தரையில வைக்காம இடுப்பு உயர மண்திட்டு மேல வைங்க. தரையிலேர்ந்து தலைக்கு ஏத்தறப்பதான் "பளிச்"னு பிடிச்சுக்கும். எடை போடற இடத்துக்கு மூட்டையை இன்னும் ஒரு மாசத்துக்கு வேற ஆள்தான் தூக்கணும், விறகுக்கட்டும் அப்படியே. கானைத் (தோட்டத்து வடிகாலை) தாண்டிக் குதிக்கக் கூடாது, சுத்திப் போகட்டும்.

ஆரம்பத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல ரெண்டு மணி நேரம் போதும். அன்னைக்கு ராத்திரி கால் வலி கூடலைன்னா நாலு நாள் கழிச்சு ஒரு மணி நேரம் சேருங்க. கூடினா பழைய கணக்குக்கே திரும்புங்க.

மருந்தகம்_ஊட்டி:

மருந்து விஷயத்தில் சில எச்சரிக்கை. சுகர், பிரஷர் இரண்டும் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரையை வாரக்கணக்கில் தாங்களாகவே தொடரக் கூடாது. சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். பிரஷருக்கு டெல்மிசார்டன் வகை மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் ஆபத்து மேலும் கூடும். ஒரு டாக்டர் ஊசி, இன்னொரு கடையில் மாத்திரை என்று ஒரே மருந்தே இரண்டு பெயரில் உள்ளே போவது சகஜம். சீட்டையும் அட்டைகளையும் ஒன்றாக வைத்துக் காட்டுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் சுகர் ஏறும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"நரம்பு மாத்திரை" என்று பிரெகாபாலின் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கால் நரம்பு வலிக்கு இந்த வகை மருந்தைத் தொடங்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2020-இல் வழிகாட்டுதலையே மாற்றிவிட்டது. தலைசுற்றல், தூக்கம் வரும். சரிவில் வேலை செய்பவருக்கு அது விழுவதற்கான வழி. ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக் குறைக்கணும். பி12 ஊசி, குறைபாடு இருந்தால் நல்லது. அழுத்தத்தை அது எடுக்காது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்குப் பி12 குறையலாம், ஆனால் அந்தக் குத்தல் இரண்டு பாதத்திலும் சமமாக இருக்கும். ஒரே காலில் மட்டும் இழுத்தால் வேறு காரணம்.

ஊட்டியில் விற்கும் தைலங்களைப் பற்றியும் சொல்கிறேன். நீலகிரித் தைலம் வேறு, விண்டர்கிரீன் தைலம் வேறு. இரண்டாவது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட்; ஒரு டீஸ்பூன் வயிற்றுக்குள் போனால் ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். குழந்தை எடுத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து, மேல் அலமாரியில் வையுங்கள். தடவுவதாக இருந்தால் பத்து பங்கு தேங்காய் எண்ணெயில் ஒரு பங்கு. தடவிய இடத்தில் ஒத்தடமோ வெந்நீர்ப் பையோ வைக்கக் கூடாது. தோல் வெந்துபோகும், உடம்புக்குள்ளும் அதிகமாக இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் தொடவே வேண்டாம். இந்தத் தைலம் எதுவும் டிஸ்க்கைத் தொடப் போவதில்லை, தசைப் பிடிப்பு இளகும், அவ்வளவுதான்.

ஒத்தடம் தனியாக 15 நிமிடம், பையைத் துண்டில் சுற்றி இடுப்பில். மரத்துப்போன பாதத்தில் வேண்டாம். சுகர் உள்ளவருக்குச் சுட்டதே தெரியாது, குளிர்கால ராத்திரியில் காலடியில் பையை வைத்துத் தூங்கிக் கொப்புளத்தோடு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

கட்டபெட்டு_கொழுந்து:

எல்லோருக்கும் நன்றி. சிறுநீர், மலம் பிரச்சினை இல்லை. குதிகால் நடை சரியா வருது. ஆனா ஒற்றைக் காலில் குதிகால் தூக்கச் சொன்னா வலதுல 15 தடவை, இடதுல நாலுக்கு மேல வரலை. குப்புறப் படுத்தா சுண்டுவிரல் குத்தல் குறையுது, புட்டத்தில் வலி இருக்கு. பக்கத்தில் ஒருத்தர் நெட்டி முறிச்சு எடுத்துடுவார்ங்கறாங்க, கூட்டிட்டுப் போகலாமா?

பிசியோ_குன்னூர்:

போகாதீர்கள். பலம் குறைந்த காலோடு முதுகைத் திருகி முறிப்பது பிதுங்கிய ஜவ்வை இன்னும் தள்ளிவிடலாம். குத்தல் மேலே ஏறுவது நல்ல அறிகுறி, அந்தப் பயிற்சியை அப்படியே தொடருங்கள். ஆனால் 15-க்கு நாலு என்பது வெறும் வலி அல்ல, எஸ்1 தளர்ந்திருக்கிறது. இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். முதுகை மட்டும் பார்த்து அனுப்பாமல் கணுக்கால் ரிஃப்ளெக்ஸைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். தொடர் பயிற்சிக்கு அடிக்கடி மலை இறங்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மூன்று நாளைக்கு ஒரு தரம், அதே சுவர், அதே நேரம், குதிகால் எண்ணிக்கையைக் காலண்டரில் குறியுங்கள். நாலு ஆறாகி எட்டானால் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். இரண்டாகக் குறைந்தால், அல்லது நடக்கும்போது பாதம் தரையில் "சட் சட்" என்று அறைந்தால், குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.