இளையோர் கேட்ட படிப்பறையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் வளைவும்

அன்பான ஊர் உறவுகள் அனைவருக்கும் இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

கிறிஸ்துமசுக்கு ஏற்காட்டிலுள்ள நம் ஊருக்குப் போயிருந்து, மூன்று அரசர் திருநாள் முடிந்து சென்ற வாரம்தான் குவைத் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில், வெளிநாடுகளில் இருக்கும் நம் ஊராரின் குழுவில் வந்த மடல்களை இரவுப்பணி முடித்து வந்து ஒரே மூச்சில் படித்தேன். கோயில் இளையோர் இயக்கம் ஒரு படிப்பறைக்காக இந்த ஆண்டு நம்மிடம் கேட்டிருப்பது 1,40,000 ரூபாய். அதைக் கொடுப்பதா என்று தொடங்கிய பேச்சு நான்கே மடல்களில் பெரியப்பா கட்ட விரும்பும் கோயில் நுழைவாயில் வளைவுக்குப் போய், அங்கிருந்து 2018-ஆம் ஆண்டுக் கணக்குக்குத் தாவி, கடைசியில் தேர் விஷயத்தில் போய் நிற்கிறது. தேரைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதப்போவதில்லை; அதில் என் தகப்பனார் பட்டது அவரோடு போகட்டும். பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்பதை நேரில் பார்த்துவிட்டு வந்தவள் என்ற முறையில் அதை மட்டும் சொல்கிறேன்.

2025 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. திருச்சபையின் புனித ஆண்டான யூபிலி ஆண்டு மறைமாவட்டங்களில் நிறைவுற்ற நாளும் அதுதான். யூபிலியின் தலைப்பு ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்பதால், வரும் ஆண்டில் தாங்கள் எதை எதிர்நோக்குகிறார்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று பங்கு ஃபாதர் இளையோரிடம் சொல்லியிருந்தார். பூசை முடிந்ததும் குடிலுக்குப் பக்கத்தில் பெஞ்சைப் போட்டு, அந்த நோட்டை என் கையில் கொடுத்தார்கள். கொடுத்த பெண்ணின் விரல்கள் பத்தும் நுனியில் கறுத்திருந்தன. காப்பிப் பழம் எடுத்த கறை அது என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, அரையாண்டு விடுமுறையில் அம்மாவோடு பழம் எடுக்கப் போகிறாள்.

அந்த நோட்டில் புதிய ஒலிபெருக்கியையோ சுற்றுலாவையோ யாரும் கேட்கவில்லை. ஆகஸ்டு முதல் ஞாயிறு இளையோர் ஞாயிறுக்குத் தாங்களே பாடல்களைத் தயாரிக்க வேண்டும் என்று ஓரிருவர் எழுதியிருக்கிறார்கள். மே மாதக் கோடை விழா முடிந்ததும் சாலையோரக் குப்பையை அள்ள வேண்டும் என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். மற்ற ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் இருப்பது, மாலையில் உட்கார்ந்து படிக்க வெளிச்சமுள்ள ஓர் இடம் வேண்டும் என்பதுதான். குரூப் 4 தேர்வு எழுத விரும்புகிற ஒருவன், தன் அண்ணன் பத்தாவதோடு நின்று சேலத்தில் கொலுசுப் பட்டறைக்குப் போய்விட்டதையும், தான் அப்படிப் போகக்கூடாது என்று அந்த அண்ணனே மாதாமாதம் பணம் அனுப்புவதையும் எழுதியிருக்கிறான். விரல் கறுத்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் முதல் வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது படிக்க முடிந்தது: “2027 ஆகஸ்டில் சியோல் நகரில் நடக்கும் உலக இளையோர் நாளுக்குப் போக வேண்டும்.” அதற்குக் கீழே, “பிளஸ் டூ பாஸ் ஆக வேண்டும், படிக்க ஒரு அறை வேண்டும்” என்று திருத்தி எழுதியிருந்தாள். நான் அதைப் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஏன் ஓர் அறை என்று டொராண்டோ சித்தப்பா கேட்டிருந்தார். சித்தப்பா, நீங்கள் ஊரைவிட்டுப் போனபோது இருந்த எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகள் அப்படியேதான் இருக்கின்றன. காக்பர்ன் துரை 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலம் தொட்டு எஸ்டேட்டுகள் எத்தனையோ கை மாறிவிட்டன. நம் சனங்களுக்கோ இன்னும் ஒரே அறையில்தான் அடுப்பும் படுக்கையும். கீழே சேலத்துக்குப் போய் டியூஷன் படிக்கலாமே என்றால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் ஏறித் திரும்ப வேண்டும். மார்கழிப் பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை, சாலை நடுவில் காட்டு மாடு நிற்கிறது. நான் இருந்த மூன்று வாரத்தில் மட்டும் இரண்டு பையன்கள் வண்டியோடு விழுந்து கட்டுப்போட்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். உயிருக்கு ஒன்றும் இல்லை என்பதே ஆறுதல். எந்தப் பெற்றோர் பெண் பிள்ளையை அந்த நேரத்தில் கீழே அனுப்புவார்கள்?

இதை நான் சூடாக எழுதுவதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது படித்த ஆண்டில், கோயில் கூடத்தில் விளக்கைப் போட்டுப் படித்தோம் என்பதற்காக, மின்கட்டணம் கூடுகிறது என்று சொல்லி அன்றைய பொறுப்பாளர் ஒருவர் எங்கள் நான்கு பேரை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினார். மணியடிக்கும் தாத்தாதான் கோயில் கெபிக்கு (குகை வடிவச் சிற்றாலயம்) முன்னால் இருந்த விளக்கை இரவு பத்து மணி வரை அணைக்காமல் விட்டு, தன் கம்பளியையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் இன்று நர்சாக இருப்பதற்கு அந்த விளக்கும் ஒரு காரணம். மற்ற மூவரும் படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

மஸ்கட் அண்ணனின் கேள்விகள் நியாயமானவை. 2018-இல் கொடுத்த பணத்துக்குக் கணக்கு வரவில்லை என்றால் அதைக் கேட்பது தவறே இல்லை. ஆனால் அப்போது பொறுப்பில் இருந்தவர்கள் வேறு. இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அன்று முதல் நன்மைகூட (முதல் நற்கருணை) வாங்காத சிறு பிள்ளைகள். கோயிலுக்குப் பின்னாலுள்ள பழைய காப்பிக் கிடங்கைக் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப்பேரவை படிப்பறைக்காக இலவசமாக ஒதுக்கித் தந்துவிட்டது. கூரை ஒழுக்கை அடைப்பது, மேசை பெஞ்சு, மின்சாரம் போனால் ஓடுவதற்கு இன்வெர்ட்டர், தேர்வு நூல்கள் என்று ஒவ்வொன்றுக்கும் விலைப்புள்ளி வாங்கி வைத்திருக்கிறார்கள். நகல் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

பணம் அனுப்புவதில் அண்ணன் எழுப்பிய சட்டப் பிரச்சினையையும் நாம் தள்ளிவிடக் கூடாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி, இந்தியக் குடியுரிமையுள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்ளப்படுவதில்லை. எனவே வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் நாம் அவரவர் கணக்கிலிருந்து நேராகப் பங்குக் கோயிலின் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவர்கள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் வெளிநாட்டவராகவே கருதப்படுவார்கள். அவர்களுடைய பணத்தை, அதற்கெனப் பதிவு பெற்ற அமைப்பு, 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே பெற முடியும். எனவே தயவுசெய்து யாரும் இன்னொருவர் பெயரில் பணத்தைச் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டாம். மாட்டிக்கொள்வது ஃபாதராக இருக்கும். டொராண்டோ சித்தப்பாவும் மெல்போர்ன் அக்காவும் வாரம் ஒரு மணி நேரம் இணையவழியில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தாலே போதும், பிள்ளைகள் நோட்டில் அதையும் கேட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா, வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது, 2030-இல் நூற்றாண்டு வரும்போது நம் ஊர்க் கோயிலும் கம்பீரமாக நிற்க வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் உண்டு. உங்கள் அப்பா அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவர் என்பதை நான் மறந்தவள் இல்லை. ஆனால் அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருப்பது மார்ச் வரைதான். நூற்றாண்டுக்குள் இந்தப் பிள்ளைகள் எல்லாரும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டால் வளைவுக்குக் கீழே யார் நடந்து வருவார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 1, ஞாயிறு பூசைக்குப் பிறகு கிடங்கைச் சுத்தம் செய்யப் போவதாக அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும் சுத்தம் செய்வார்களாம். தவக்காலம் தொடங்கும் பிப்ரவரி 18 சாம்பல் புதனுக்குள் மேசையும் விளக்கும் உள்ளே போய்விட வேண்டும் என்பது என் வேண்டுகோள். என் பங்காக 25,000 ரூபாய் நேற்று பங்குக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன்; ரசீது வந்ததும் இங்கேயே போடுகிறேன். அவரவரால் முடிந்ததை இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் தெரிவித்தால், ஃபாதருக்கு ஒரே பட்டியலாக அனுப்ப எனக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
கீழ்லைன் மேஸ்திரி வீட்டுச் சின்னவள்