புதுப்பிப்பு: வேற பைக்கோட பின் வீல், செயின் சத்தம்

போன தடவை எழுதியிருந்தேன்: 18 இன்ச் ஸ்போக் வீலைக் கழற்றிட்டு வேற பைக்கோட 17 இன்ச் அலாய் மாட்டினதிலிருந்து செயின் கரகரன்னு அரைக்குது, பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) பல் ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேயுதுன்னு. 'செயினை மாத்து'ன்னுதான் பாதிப் பேர் சொன்னீங்க. குற்றவாளி செயின் இல்லை.

நேர்ப்பட்டை ஒன்றைப் பின் ஸ்ப்ராக்கெட் முகத்தோடு ஒட்டிப் பிடிச்சுப் பார்த்தேன். எஞ்சின் பக்கத்து முன் ஸ்ப்ராக்கெட் 4 மி.மீ. உள்ளே இருக்கு. வீலை நகர்த்தினால் முன்வீலோடு நேர்கோடு போயிடும். அதனால் 4 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும் ஆஃப்செட் முன் ஸ்ப்ராக்கெட் போட்டேன். ஷாஃப்ட் ஸ்ப்ளைன் (ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கிற தண்டின் வரிப்பற்கள்) முழுசாப் பிடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் முறுக்கினேன். சத்தம் போச்சு.

அதைவிடப் பெரிய தப்பு உள்ளே ஒளிஞ்சிருந்தது. ஆக்ஸில் நட்டை முழு டார்க்குக்கு (சொல்லியிருக்கிற முறுக்கு அளவுக்கு) முறுக்கினால் வீல் இறுகுது, தளர்த்தினால் சுத்துது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற குழாய் ஸ்பேசர் அரை மி.மீ. குட்டை! முறுக்க முறுக்க பேரிங்கோட உள்வளையங்கள் பக்கவாட்டில் நசுங்கியிருக்கு. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் சீக்கிரமே போயிருக்கும். சரியான நீளத்தில் கடைஞ்சு வாங்கிப் போட்டேன், பேரிங்கும் புதுசு.

வீல் சின்னதானதால் முன்/பின் ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கையை 15/45-லிருந்து 15/42 ஆக்கினேன். விகிதம் 3-லிருந்து 2.8. ஸ்பீடோ கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்குது, காட்டுற வேகம் இப்பவும் சரியான்னு ஜிபிஎஸ்ஸோட இன்னும் ஒப்பிடலை. டயருக்கும் செயினுக்கும் இடையே விரல் நுழையுது.