உதவி: பீச்கிராஃப்ட் பேரன் 58-இல் இடது எஞ்சினை நிறுத்தினால் மட்டும் விமானம் கவிழ்கிறது

பொங்கோல் பையன்:
வணக்கம். வீட்டுச் சிமுலேட்டரில் பீச்கிராஃப்ட் பேரன் 58 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை ஓட்டுகிறேன். சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்தின் 03 ஓடுபாதையில் எழும்பி, 85 நாட் வேகம் வந்ததும் வலது எஞ்சினின் திராட்டிலை (பவர் லீவரை) இழுத்தால் தடுமாறியாவது சமாளித்துவிடுகிறேன். இடது எஞ்சின் என்றால் முடியவில்லை. வலது ரட்டர் (வால் சுக்கான்) பெடலை அடிவரை மிதித்தும் மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது, அப்புறம் இறக்கை சாய்ந்து நேராக ஜோகூர் நீரிணைதான். பெடலை மறுபடி கேலிபிரேட் செய்தும் அதே கதை. பெடல் கோளாறா? இரண்டு எஞ்சின் என்றால் இருமடங்கு பாதுகாப்பு என்கிறார் அப்பா. பிறகு ஏன் இந்தப் பாடு?

வான்நிலா:
பெடலை விட்டுவிடுங்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. பேரனில் இரண்டு புரொப்பெல்லரும் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றுகின்றன. மூக்கைத் தூக்கி ஏறும்போது, வலப்பக்கம் கீழிறங்கும் இலைதான் அதிகம் இழுக்கும். அதனால் வலது எஞ்சினின் இழுவிசை உடலிலிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. இடது போய் வலது மட்டும் ஓடினால் திருப்புவிசை கூடுதல். இடதை ‘கிரிட்டிக்கல் எஞ்சின்’ (போனால் அதிகம் பாடுபடுத்துவது) என்பது இதனால்தான். பைப்பர் செமினோல் என்ற இன்னொரு இரட்டை எஞ்சின் விமானத்தில் புரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுற்றுவதால் இந்த வேறுபாடு இல்லை.

இனி அந்த 85. வேகமானியில் சிவப்புக் கோடு 84-இல் இருக்கிறதல்லவா? ஒரு எஞ்சின் மட்டும் முழுப் பவரில் ஓடும்போது அதற்குக் கீழே போனால் ரட்டரால் விமானத்தைப் பிடிக்க முடியாது. அந்த 84-கூட, ஓடும் எஞ்சின் பக்கம் 5 டிகிரி வரை சாய்த்துச் சோதித்த கணக்கு. இறக்கையைச் சமமாக வைத்தாலே உண்மையான எல்லை 84-ஐத் தாண்டிவிடும். மூக்கைத் தாழ்த்துங்கள், ஓடும் எஞ்சின் பக்கம் கொஞ்சம் சாயுங்கள், நீலக் கோடு 101-ஐப் பிடியுங்கள் (ஒரு எஞ்சினில் நன்றாக ஏறும் வேகம் அது).

பொங்கோல் பையன்:
நன்றி அக்கா. 4000 அடியில் அதே 85-இல் செய்து பார்த்தேன், அவ்வளவு மோசமில்லை. அப்படியானால் தரைக்குப் பக்கத்தில் சிமுலேட்டர்தான் தப்பா?

வான்நிலா:
இல்லை. உயரம் கூடினால் காற்று லேசாகி, ஓடும் எஞ்சினின் பவரும் குறையும். திருப்புவிசை குறைய, அந்த எல்லை வேகமும் இறங்கும். ஆனால் வேகமானி காட்டும் ஸ்டால் வேகம் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) இறங்காது. இரண்டும் நெருங்கும் உயரத்தில் ஸ்டால் வந்து, ஒரு பக்க இழுவையும் சேர்ந்தால் சுழலில் மாட்டுவீர்கள். மென்மையாக இருக்கிறதே என்று அங்கே வேகத்தை இன்னும் குறைத்து விளையாட வேண்டாம்.

ஸ்பேனர்:
தம்பி, திராட்டிலை இழுத்தது சரி, ஃபெதர் செய்தீர்களா, அதாவது புரொப்பெல்லர் இலைகளின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பினீர்களா? திராட்டிலை மூடினால் மட்டும் போதாது. காற்று அந்தப் புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், விரித்த குடை மாதிரி இழுக்கும். எந்தக் கால் பெடலை மிதிக்காமல் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் போயிருக்கிறது. அதன் திராட்டிலை மெல்ல இழுத்து உறுதி செய்யுங்கள். பிறகு புரொப்பெல்லர் லீவரை ஃபெதருக்கும், மிக்ஸ்சர் (எரிபொருள்) லீவரை கட்-ஆஃபுக்கும் கொண்டுபோங்கள். யோசித்துக்கொண்டே இருக்க வேண்டாம். சுழற்சி ரொம்பக் குறைந்தால் உள்ளே இருக்கும் பூட்டு விழுந்து ஃபெதர் ஆகாது.

வானிலையையும் பாருங்கள். நம் ஊர் மதியம் 32 டிகிரி என்றால், தரையிலேயே காற்று ஏறக்குறைய 2000 அடி உயரத்துக் காற்று மாதிரி. எஞ்சின் ஒன்று போனால் பவர் பாதிதான் போகிறது, ஏறும் திறனோ சுமார் 80 சதவீதம் போய்விடும். மட்டமாகப் பறக்கவே பவரில் பெரும்பங்கு செலவாகிறது, மிச்சம்தானே ஏற்றுகிறது?

ஈசூன் கழுகு:
அப்பா கேள்விக்கு: எஞ்சின் இரண்டானால், ஏதாவது ஒன்று நிற்கும் வாய்ப்பும் இருமடங்காகிறது. இரண்டும் சேர்ந்து நிற்பது அபூர்வம் என்ற கணக்கு, இரண்டுக்கும் பொதுவான காரணம் இல்லாதவரைதான். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஷ்பையரில் டைமண்ட் டிஏ42 என்ற இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று, பேட்டரி இறங்கியிருந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்யப்பட்டுக் கிளம்பியது. சக்கரத்தை உள்ளிழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிகள் ரீசெட் ஆகி, இரண்டு எஞ்சினும் நின்றன. எஞ்சினில் பழுதே இல்லை! அதன் பிறகு அந்தக் கணினிகளுக்குத் தனி மாற்று பேட்டரி வந்தது. டேங்கில் தவறான எரிபொருள் போவதும் இதே ரகம்தான், எத்தனை எஞ்சின் இருந்தாலும் காப்பாற்றாது.

பொங்கோல் பையன்:
101-இல் ஃபெதர் செய்து பார்த்தேன், மெதுவாகத்தான், ஆனாலும் ஏறுகிறது. சக்கரம் இன்னும் கீழே இருக்கும்போது, 85-இல் எஞ்சின் போனால்?

ஸ்பேனர்:
முன்னால் ஓடுபாதை மிச்சமிருந்தால் இரண்டு திராட்டிலையும் மூடி நேராக இறக்குங்கள். சிலேத்தாரில் மொத்தம் 1836 மீட்டர்தான், அதனால் எந்த இடம் தாண்டினால் இறக்க முடியாது என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். ஓடுபாதை தீர்ந்து, நீலக் கோடும் வராவிட்டால், ஓடும் எஞ்சினையும் குறைத்து இறக்கை மட்டத்தில் தண்ணீரில் இறங்குவதுதான் வழி. தலைகீழாக விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.