வாராந்திரக் கூட்டத்தை மாதம் இருமுறையாகக் குறைக்கலாமா?

கேள்வி (புதிய செயலாளர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ரோட்டரி சங்கத்தில் கடந்த ஜூலை 1 முதல் செயலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். பட்டியலில் 38 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாராந்திரக் கூட்டத்துக்கு வருபவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர்தான், அவர்களும் ஏறக்குறைய அதே முகங்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தில் முந்தைய நடவடிக்கைக் குறிப்பை வாசித்தல், கடிதங்களை அறிவித்தல், பிறந்தநாள், மணநாள் வாழ்த்துகள், விருந்தினர் அறிமுகம் ஆகியவற்றுக்கே முப்பத்தைந்து நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. சிறப்புப் பேச்சாளர் எழும்போது பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கூட்டத்தை மாதம் இருமுறையாகக் குறைத்தால் வருகை கூடும் என்று இளைய உறுப்பினர்கள் சிலர் சொல்கிறார்கள். வாரந்தோறும் கூடாவிட்டால் அது ரோட்டரியே அல்ல என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். விதிப்படி குறைக்க இடமுண்டா, குறைத்த சங்கங்களின் அனுபவம் என்ன என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (முன்னாள் தலைவர்)

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். விதியைப் பொறுத்தவரை ஐயமே வேண்டாம். 2016ஆம் ஆண்டு ரோட்டரியின் சட்டமியற்றும் மன்றம் கூட்டங்களின் எண்ணிக்கை, முறை, வருகை நிபந்தனை ஆகியவற்றைச் சங்கங்களே தீர்மானித்துக்கொள்ள இடமளித்தது. மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கூட்டங்கள் நடக்க வேண்டும் என்பதே எல்லை. உங்கள் துணைவிதிகளைத் திருத்தி, உறுப்பினர்களின் ஒப்புதலைப் பெற்றால் போதும்.

வாரம் ஒருமுறை என்பது ரோட்டரியின் உயிர் என்று சொல்லும் மூத்தவர்களுக்கும் மதிப்பளித்தே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் ஒரு சுரங்கப் பொறியாளரின் அலுவலக அறையில் வழக்கறிஞர் பால் ஹாரிஸும் மற்ற மூவரும் சந்தித்தபோது மேடையும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. ஒருவர் நிலக்கரி வணிகர், இன்னொருவர் தையற்கடை நடத்தியவர். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று சுழன்று கூடியதால்தான் சங்கத்துக்கு 'ரோட்டரி' (சுழல்வது) என்ற பெயரே வந்தது. ஒருவர் தொழிலை மற்றவர் அவர் இருக்கும் இடத்திலேயே சென்று பார்த்து அறிவதற்காகக் கூடினார்கள். இன்று நாம் காப்பாற்றப் போராடுவது அந்த நோக்கத்தையா, பின்னாளில் அதன் மேல் படிந்த சடங்குகளையா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி எங்கள் அனுபவம். நாங்கள் மாதம் இருமுறைக்கு மாறினோம். முதல் இரண்டு மாதங்கள் அரங்கு நிறைந்தது. அதன் பிறகு பழைய எண்ணிக்கைக்கே திரும்பிவிட்டது. நாங்கள் எதிர்பாராத விளைவு வேறொன்று. வாரந்தோறும் கூடியபோது ஒரு கூட்டத்தைத் தவறவிட்டவர் பதினான்கு நாள் இடைவெளியில் மீண்டும் எங்களைச் சந்தித்துவிடுவார். மாதம் இருமுறை என்றானபின் ஒன்றைத் தவறவிட்டவர் ஏறக்குறைய ஒரு மாதம் முகம் காட்டாதவராகிவிடுகிறார். அதற்குள் மருத்துவ முகாமின் பொறுப்புகள் பகிரப்பட்டிருக்கும், நிதி ஒதுக்கப்பட்டிருக்கும், அவர் வந்து அமரும்போது நடப்பது எதுவும் தனக்குரியதன்று என்ற எண்ணம் அவருக்கு ஏற்பட்டுவிடும். அப்படி விலகிய மூவரும் விலகல் கடிதத்தில் 'நேரமின்மை' என்றுதான் எழுதினார்கள். ஆகவே குறைப்பதற்கு நான் எதிரி அல்லன். ஆனால் வருகை கூடும் என்ற நம்பிக்கையில் மட்டும் குறைக்காதீர்கள்.

பதில் 2 (இளைய உறுப்பினர்)

மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு திருத்தத்துடன். செயலாளர் எழுதியுள்ளதிலேயே விடை இருக்கிறது: அறுபது நிமிடங்களில் முப்பத்தைந்து நிமிடங்கள் அறிவிப்புகளுக்கே போகின்றன. நடவடிக்கைக் குறிப்பை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, 'திருத்தம் உண்டா?' என்று மட்டும் கூட்டத்தில் கேட்டால் அதில் பாதி மிச்சமாகும். எங்கள் சங்கத்தில் நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாக்கினோம். தொடங்கியதும் பணித்திட்டங்கள்: எது எந்த நிலையில் இருக்கிறது, யாருக்கு எத்தனை பேர் துணை வேண்டும் என்பது. அடுத்து பேச்சாளர். வாழ்த்துகள் கடைசியில், உணவு மேசையில். தாமதமாக வருபவர்கள் இப்போது இழப்பது வாழ்த்துகளை அல்ல, பொறுப்புகளை. அதனால் தாமதமும் குறைந்திருக்கிறது. வாழ்த்து கேட்க மட்டுமே வந்துகொண்டிருந்த ஓரிருவர் முகம் சுளித்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

வயதைக் காரணம் காட்டி இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லப்படும்போது எனக்குச் சற்று வருத்தமுண்டு. இரத்ததான முகாமுக்கு விடியற்காலையில் வந்து நிற்பவர்களும் இவர்கள்தான். எங்களிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அதைப் பற்றி அடுத்த வாரம் கேட்டால் வருவோம்.

பதில் 3 (பொருளாளர்)

ஒரு கணக்கையும் பாருங்கள். கூட்ட அரங்கத்துக்கு நீங்கள் எத்தனை பேருக்கான உணவை உறுதியளித்திருக்கிறீர்கள்? எங்கள் சங்கம் முப்பது சாப்பாட்டுக்குப் பணம் கட்டி வந்தது; உண்டவர்கள் பதினாறு பேர்தான். அந்த வீண்செலவு சந்தாவில் ஏறியது. சந்தா ஏறியதும் இரண்டு பேர் சங்கத்திலிருந்து நின்றுவிட்டார்கள். இப்போது மாதத்தின் இரண்டு கூட்டங்களுக்கு மட்டும் முழு உணவு, மற்றவற்றுக்குத் தேநீர் என்று மாற்றியிருக்கிறோம். வாரந்தோறும் கூடுவதா என்ற கேள்வியும் வாரந்தோறும் விருந்துண்பதா என்ற கேள்வியும் வேறுவேறு; விவாதத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

பதில் 4 (அரிமா சங்க உறுப்பினர்)

எங்கள் சங்கங்கள் பலவும் மாதம் இருமுறையே கூடுகின்றன. அதனால் பணி குறையவில்லை. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் குழுத் தலைவர்கள் தனித்தனியே கூடிப் பேசுகிறார்கள். அந்தக் குழுக்கள் உயிரோடு இல்லாத சங்கத்தில் கூட்டத்தைக் குறைப்பது உதவாது.

மறுமொழி (புதிய செயலாளர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தலைவரிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன். துணைவிதிகளை இப்போது திருத்துவதில்லை என்றும், மூன்று மாதங்களுக்கு நிகழ்ச்சி நிரலை மாற்றிப் பார்ப்பதென்றும் இயக்குநர் குழு முடிவு செய்திருக்கிறது. மாதத்தின் கடைசிக் கூட்டத்தை அரங்கில் நடத்தாமல் உறுப்பினர் ஒருவரின் தொழிலிடத்தில் நடத்துவது என்ற யோசனை, வியப்பாக, மூத்தவர்களிடமிருந்தே வந்தது. முதல் கூட்டம் எங்கள் அச்சக உறுப்பினரின் இடத்தில். ஆறு மாதங்களாக வராத ஒருவர் தாமே தொலைபேசியில் அழைத்து வழி கேட்டிருக்கிறார். உணவுக் கணக்கை எங்கள் பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன்; அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.